நாலு மணி நேரம்தான், அத்தான்!

ஈராண்டுகளுக்கு முன்பு, ஒரு மே மாத அதிகாலை. மணி ஐந்தரை இருக்கும். பண்டார் தெங்காராவில் இன்னும் இருள் விலகவில்லை. கைப்பேசி அடித்தது. திருச்சிக்குப் பக்கத்தில், முசிறியை அடுத்த கிராமத்திலிருந்து அத்தான் பேசினார்.

"அம்மா போயிட்டாங்கப்பா. மூணு மணிக்கு."

அத்தான் 'அம்மா' என்றது என் அத்தையை. அப்பாவுக்குக் கூடப்பிறந்த ஒரே அக்காள். அப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எவ்வளவு நேரத்துல போய்ச் சேரலாம்?"

கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். சிங்கப்பூர் – திருச்சி, ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர், சுமார் 4 மணி நேரம் என்று காட்டியது. அத்தான் இன்னும் தொடர்பில்தான் இருந்தார்.

"நாலு மணி நேரம்தான், அத்தான். சாயங்காலத்துக்குள்ள அப்பா வந்துடுவாங்க. அதுவரைக்கும் எடுத்துடாதீங்க."

இந்த ஒரு வாக்கியத்தால் அப்பாவுக்குத் தம் அக்காளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பு இல்லாமல் போனது. அதில் பொய் எதுவும் இல்லை. தூரம் சரி, பறக்கும் நேரமும் சரி. தவறு எங்கே என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் பெரியவர்கள் இருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒருநாள் இந்தத் தொலைபேசி வரும்.

அன்று நடந்தது

காலை விமானத்தைப் பிடிக்க எங்களுக்கு நேரமில்லை. அடுத்ததில் இடமில்லை. அது பள்ளி விடுமுறைக் காலம். கோலாலம்பூர் வழியும் பார்த்தோம். விமான நிலையத்துக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் காரில் போக வேண்டும், அங்கும் அன்றைக்கு ஏற்ற இருக்கை கிடைக்கவில்லை. கடைசியில் சாங்கியிலிருந்து இரவு 8.00 மணி விமானத்தில் ஓர் இருக்கை கிடைத்தது.

ஒன்று போதும் என்றாகிவிட்டது. எனக்கு இந்திய விசா இல்லை. முந்தைய தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது எடுத்த ஓராண்டு இ-விசா அப்பாவிடம் இருந்தது. எழுபத்து நான்கு வயதுக்காரர் தனியாகப் போவதென்று முடிவானது.

மதியம் 1 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, கூலாய் வழியாக ஜொகூர் பாரு போய்ச் சேர 2.15. அடுத்தது பாலம். ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தை, இரு பக்கக் குடிநுழைவுச் சோதனைகளையும் முடித்துக்கொண்டு நாங்கள் கடந்தபோது மணி 4.30. சாங்கியை அடைந்தபோது 5.15. பெட்டி போட்டு, உதவியாளரிடம் அப்பாவை ஒப்படைத்துவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

ஏழு மணிக்கு அப்பாவிடமிருந்து அழைப்பு. உள்ளே காத்திருக்கும் கூடத்திலிருந்து பேசினார். அப்போதுதான் அத்தான் அவரை அழைத்திருக்கிறார். இந்தியாவில் மணி 4.30.

"மாமா, எங்கே இருக்கீங்க? ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பட்டுமா?"

அப்பா இன்னும் விமானமே ஏறவில்லை.

பயணச்சீட்டைப் படமெடுத்துக் காலையிலேயே அத்தானின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தேன். சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். சாவு வீட்டில் மூத்த மகன் எங்கே வாட்ஸ்அப் பார்ப்பார்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் வாயால் சொன்னதுதான்: நாலு மணி நேரம், சாயங்காலத்துக்குள். அதை நம்பி அவர்கள் குளிர்பெட்டிகூடச் சொல்லவில்லை. வாடகைக்குக் கேட்டால் அரை மணியில் வந்திறங்கும் பெட்டி. 'சாயங்காலம்தானே, பனிக்கட்டியும் மின்விசிறியும் போதும்' என்று விட்டுவிட்டார்கள். அக்கினி நட்சத்திர வெயில். பதின்மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. இதற்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எடுத்துருங்கப்பா" என்றாராம். பிறகு என்னிடம், "நான் போறேன். போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

விமானம் குறித்த நேரத்தில் புறப்பட்டது. இந்திய நேரம் இரவு 9.40-க்குத் திருச்சியில் இறங்கியது. குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம். காவிரிக் கரையோரமாகக் காரில் இன்னும் ஒரு மணி நேரம். அப்பா வீட்டு வாசலில் இறங்கியபோது இரவு 11.40. நம் நேரப்படி அதிகாலை 2.10. பந்தல் இருந்தது. அத்தை இல்லை.

வாசலிலிருந்து வாசலுக்கு 13 மணி 10 நிமிடம். அதில் விமானத்துக்கு உரியது 4 மணி 10 நிமிடம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த 4 மணி நேரம் எப்படி வருகிறது?

பிறகு பல நாள் அந்த எண்ணையே நோண்டிக்கொண்டிருந்தேன். இணையத்தில் இரண்டு நகரங்களின் பெயரைக் கொடுத்தால் வரும் தூரம், பூமி உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய கோடு. கோலாலம்பூர் – சென்னை ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். கோலாலம்பூர் – திருச்சி 2,690. சிங்கப்பூர் – சென்னை 2,920. சிங்கப்பூர் – திருச்சி 2,980. நம் வீட்டிலிருந்து விமான நிலையம் வரை உள்ள தூரம் இந்த எண்களில் எதிலும் கிடையாது.

பயணிகள் ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் பறக்கும். 2,980-ஐ 850-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவதற்காகச் சுற்றி வருவது, கதவு திறக்கும் இடத்தில் வந்து நிற்பது எல்லாம் சேர்ந்து நான்கைத் தாண்டுகிறது. விமான நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளும்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர்வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்றோட்டம் வீசுகிறது. 1950-களில் இதை ஆராய்ந்து எழுதியவர் பி. கோட்டேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். அந்த மாதங்களில் ஊருக்குப் போகும் விமானத்தைக் காற்று பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும். வித்தியாசம் சில நிமிடங்கள்தான். பாலத்தில் நாங்கள் நின்ற நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கடிகாரம் செய்யும் குழப்பம்

அப்பாவின் பயணச்சீட்டில் புறப்பாடு 20.00, வருகை 21.40 என்று இருந்தது. கழித்துப் பார்த்தால் 1 மணி 40 நிமிடம்! திரும்பி வந்த சீட்டில் 22.40-க்குப் புறப்பட்டு மறுநாள் 05.20-க்கு வருகை. கழித்தால் 6 மணி 40 நிமிடம். ஒரே கடல், ஒரே தூரம்.

விமானச் சீட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். போகும்போது அது கழிந்துபோகிறது, வரும்போது கூடிக்கொள்கிறது. உண்மையான பறப்பு நேரம் தெரிய வேண்டுமானால், இரண்டு சீட்டிலும் கழித்து வந்ததைக் கூட்டிப் பாதியாக்குங்கள். 1.40-உம் 6.40-உம் சேர்ந்தால் 8.20. பாதி 4.10.

இந்த இரண்டரையும் எப்போதும் இருந்ததில்லை. 1981 முடியும்வரை இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 அன்று, தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கியது. சிங்கப்பூரும் உடன் மாற்றிக்கொண்டது. சூரியனைக் கேட்டால் இன்னொரு கணக்குச் சொல்லும். ஜொகூரில் சூரியன் உச்சிக்கு வந்து 1 மணி 40 நிமிடம் கழித்துத்தான் திருச்சியில் உச்சிக்கு வருகிறது.

துக்க வீட்டில் இந்தக் குழப்பம் ஆபத்தானது. "ஒன்பதே முக்காலுக்கு வர்றாங்க" என்று ஒருவர் சொன்னால், அது எந்த ஊர் மணி என்று கேட்கும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஊருக்குச் சொல்லும்போது 'உங்க மணிக்கு' என்று சேர்த்தே சொல்லுங்கள்.

அத்தை போன வழி

அப்பாவின் விமானம் போன வழியைப் பிறகு வரைபடத்தில் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேர்கோடு இழுத்தால், அது மலாக்கா நீரிணையின் பக்கமாக ஏறி, சுமத்ராவின் வடமுனையில் உள்ள ஆச்சே அருகே வங்கக் கடலுக்குள் போய், வேதாரண்யம் பக்கம் தமிழ்நாட்டுக் கரையைத் தொடுகிறது. வடக்கே சிறிது தூரத்தில் நாகப்பட்டினம். ராசேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்கு வந்த கடல் இது. அத்தை ஊருக்குப் போனதும் இதே கடலில்தான்.

அத்தையும் அப்பாவும் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அத்தையின் கணவரிடம் சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. தலைமுறை கண்ட தோட்டத் தொழிலாளர்கள் ஒரே நாளில் அந்நியரானார்கள். அந்தக் காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1970-இல் போனவர்களில் என் அத்தையும் ஒருவர். இடுப்பில் இரண்டு வயது அத்தான்.

அவர்கள் சிங்கப்பூரில் 'ராஜுலா' கப்பல் ஏறினார்கள். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல் அது. நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்களை இங்கே கொண்டுவந்ததும், திரும்பக் கொண்டுபோனதும் அதுதான். ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். அப்பாவுக்கு அப்போது 21 வயது. ஜொகூர் பாருவரை போய், பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று கையசைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். 1973-இல் ராஜுலாவின் ஓட்டம் முடிந்தது. அடுத்து ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985-இல் தீப்பிடித்த பிறகு, அந்தக் கடல்வழிப் பயணமே நின்றுபோனது.

தென்கிழக்கு ஜொகூரின் காடுகளைத் திருத்திப் புதிய நகரங்களை அமைக்க 1972-இல் கெஜோரா வாரியம் வந்தது. அப்படி உருவான ஊர்தான் பண்டார் தெங்காரா. வேலை தேடி அப்பா இங்கே வந்தார். 1978-இல் தாத்தா இறந்தபோது, இங்கிருந்துதான் அத்தைக்குத் தந்தி கொடுத்தார்கள். அது மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. அத்தை கிணற்றடியில் தலை முழுகிவிட்டு, வந்தவர்களிடம் அழுது தீர்த்திருக்கிறார். 'எப்போது வருகிறாய்' என்று இங்கே யாரும் கேட்கவில்லை. 'வந்துவிடுகிறேன்' என்று அவரும் சொல்லவில்லை. வர முடியாது என்பது இரு பக்கமும் தெரிந்த விஷயம்.

இப்போது அந்த ஒரு வாரம் 4 மணி நேரமாகிவிட்டது. நல்லதுதான். அத்தையை அப்பா அதற்குப் பிறகு ஐந்து முறை நேரில் பார்த்தார் என்றால், அது விமானத்தால்தான். ஆனால் 4 மணி நேரம் என்றதும் வாக்குக் கொடுக்கிறோம். ஊரும் அதை நம்பிக் காத்திருக்கிறது. பாலமும் விசாவும் விடுமுறைக் கூட்டமும் அந்த எண்ணுக்குள் இல்லை என்பது இரண்டு பக்கமும் மறந்துபோகிறது.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. உங்களுக்கும் உதவலாம்.

1. விசாதான் மிக நீண்ட தூரம். இ-விசாவுக்குக் குறைந்தது 4 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறது இந்திய அரசின் இணையத்தளம். சாவுக்கு 4 நாள் முன்னறிவிப்புக் கிடையாது. ஊரில் வயதான உறவுகள் இருந்தால், வீட்டில் இருவருக்காவது ஓராண்டு இ-விசா எப்போதும் நடப்பில் இருக்கட்டும். கடப்பிதழில் ஆறு மாதத்துக்குமேல் காலம் மிச்சமிருக்கட்டும்.

2. ஓசிஐ அட்டை. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். அதன்பின் விசா தேவையில்லை. தாத்தா, பாட்டியின் பிறப்பு, கடப்பிதழ் ஆவணங்களைத் தேடி எடுப்பதுதான் கடினம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தேடுங்கள்.

3. எந்த விமான நிலையம்? சாங்கியைவிடக் கோலாலம்பூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 290 கிலோமீட்டர் குறைவு. ஆனால் ஜொகூர்க்காரர்களுக்கு அங்கே போவதே 300 கிலோமீட்டர். செனாயிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்து மாறிப் போவது மூன்றாவது வழி. பாலம் நெரிசலாக இருக்கும் நாளில் அதுவே முந்திவிடலாம். மூன்றையும் வாசலிலிருந்து வாசலுக்குக் கூட்டிப் பாருங்கள்.

4. பாலம். வெள்ளி மாலை, பள்ளி விடுமுறை, பண்டிகைக்கு முந்தைய நாள் என்றால் 3 மணி நேரம் ஒதுக்குங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் முன்னதாகவே நிரப்பிவிடுங்கள்.

5. ஊருக்குச் சொல்வது. பயணச்சீட்டு கையில் வரும்வரை எந்த நேரமும் சொல்லாதீர்கள். வந்தபின், வீட்டு வாசலில் இறங்கும் நேரத்தை இந்திய மணியில், வாயால் சொல்லுங்கள். படம் அனுப்பினால் போதாது. 'முதலில் குளிர்பெட்டிக்குச் சொல்லுங்கள்' என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அப்பா திரும்பியபின்

மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளிக்கும்போது அப்பா அங்கே இருந்தார். பதினாறாம் நாள் காரியம்வரை தங்கிவிட்டுத்தான் திரும்பினார். சாங்கியில் நான் போய் அழைத்துக்கொண்டேன். வண்டியில் வரும்போது, நான்தான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வேறு ஏதோ பேசினார். அத்தை வீட்டுத் தென்னை இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறதாம். அத்தானுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறதாம்.

பாலத்தில் வண்டி நின்றது. முன்னால் சிவப்பு விளக்குகளாக வரிசை. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு ஜொகூர் பாரு பக்கம் பார்த்தார்.

"அங்கதான் நின்னேன், அக்கா கப்பலுக்குப் போனப்ப. போய்ச் சேர எத்தனை நாளாகும்னுகூட அன்னைக்கு நான் கேக்கல."

போன மாதம் அத்தான் அழைத்தார். மகளுக்குக் கல்யாணம் குறித்திருக்கிறார்கள், ஆவணியில். "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"வாசலிலிருந்து வாசலுக்குப் பதினாலு மணி நேரம், அத்தான். அதனால இந்த முறை மூணு நாள் முன்னாடியே வந்துடறோம்."

அப்பாவின் இ-விசா புதுப்பித்தாகிவிட்டது. இந்த முறை எனக்கும் ஒன்று எடுத்திருக்கிறேன்.